பெட்ரோல் வரியை எடுத்துவிட்டுக் கிலோமீட்டர் வரி: மீட்டரை யார் பார்ப்பது?

பிப்ரவரி 3 (ஒரு வாசகர் கேட்டது)

பெட்ரோல் வரியே ஓடுகிற தூரத்துக்கான வரிதானே? அதிகம் ஓட்டுகிறவன் அதிகம் எரிக்கிறான், அதிகம் கட்டுகிறான். அதை எடுத்துவிட்டு எல்லா வண்டிக்கும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்றால் புதுக் கருவி, புது ஆபீஸ், புது அபராதம். எதற்கு இந்த வேலை? மின்சார வண்டிக்கு மட்டும் வருடத்துக்கு ஒரு தொகை போட்டால் தீர்ந்தது.

பிப்ரவரி 3, இரவு

தீராது. மின்சார வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பார்த்தாலும் பிரச்சினை அப்படியே நிற்கிறது. லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுத்த வண்டியை விற்றுவிட்டு 20 கொடுக்கிற வண்டி வாங்கினேன். சாலைக்காக நான் கட்டும் பெட்ரோல் வரி ஒரே நாளில் பாதியாகிவிட்டது. ஓட்டுகிற தூரத்தில் ஒரு கிலோமீட்டர்கூடக் குறையவில்லை. சாலைக்கு என் மைலேஜைப் பற்றி என்ன தெரியும்?

அதோடு விலைவாசி. அமெரிக்காவில் மத்திய அரசின் பெட்ரோல் வரி காலனுக்கு 18.4 சென்ட். 1993இல் வைத்தது, அப்புறம் யாரும் தொடவில்லை. பிரிட்டனில் 2011க்குப் பிறகு வருடா வருடம் ஏற்றுவதாகச் சொல்லி ஏற்றாமலே விட்டார்கள். 2022இல் 5 பென்ஸ் குறைக்கவும் செய்தார்கள். தாரும் ஜல்லியும் 1993 விலையில் கிடைத்தால் சரி.

வருடத்துக்கு ஒரே தொகை என்பது இதைவிட மோசம். வாரம் ஒரு நாள் மருத்துவமனைக்குப் போய்வர வண்டி வைத்திருக்கும் ஓய்வுபெற்றவரும், வருடம் 40,000 கிலோமீட்டர் ஓடும் வாடகைக் காரும் ஒரே காசு கட்டுவார்கள். நீங்கள் சொல்லும் "அதிகம் ஓட்டினால் அதிகம் கட்டு" நியாயம் அங்கேதான் முதலில் செத்துப்போகும்.

பிப்ரவரி 4, காலை

இன்னொன்று, வரலாறு தெரிந்தவர்கள் ரசிக்கலாம். பெட்ரோலுக்கு அமெரிக்காவில் முதன்முதலில் வரி போட்ட மாநிலம் ஓரிகன். 1919, காலனுக்கு ஒரு சென்ட். அதே ஓரிகன்தான் 2015இல் மைலுக்கு 1.5 சென்ட் என்ற திட்டத்தைத் தொடங்கியது. விருப்பப்பட்டவர்கள் மட்டும் சேரலாம். அவர்கள் பங்க்கில் கட்டிய பெட்ரோல் வரியைக் கழித்துக்கொள்வார்கள். பிள்ளையைப் பெற்றவளே பிள்ளைக்கு வயதாகிவிட்டது என்று சொல்கிற கதை.

பிப்ரவரி 4, மாலை

எடை. இதைச் சொல்லாமல் கிலோமீட்டரைப் பற்றிப் பேசுவது வீண்.

1958 முதல் 1960 வரை இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்குப் பக்கத்தில் வளையம் வளையமாகச் சாலை போட்டார்கள். ராணுவ டிரைவர்களை உட்கார வைத்து, சுமை ஏற்றிய லாரிகளை இரவு பகலாகச் சுற்றவிட்டு, எந்தச் சாலை எப்போது விரிசல் விடுகிறது என்று எண்ணினார்கள். அதிலிருந்து வந்த விதி: ஓர் அச்சின் மேல் சுமை இரண்டு மடங்கானால் சேதம் இரண்டு மடங்கு இல்லை, ஏறக்குறைய 16 மடங்கு. நாலாம் அடுக்கு விதி என்பார்கள்.

ஒன்றரை டன் கார் என்றால் அச்சுக்கு முக்கால் டன். 10 டன் தாங்கும் லாரி அச்சு அதைப்போல 13 மடங்குக்கு மேல். அந்த எண்ணை நாலு முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்குங்கள். முப்பதாயிரத்தைத் தாண்டும். ஒரு லாரி அச்சு ஒரு முறை உருண்டு போவது, என் கார் அச்சு முப்பதாயிரம் முறை போவதற்குச் சமம். ஆனால் லாரி குடிக்கிற டீசல் என் காரைவிட ஐந்தாறு மடங்குதான். எரிபொருள் வரி தூரத்தை ஓரளவு அளக்கிறது. எடை என்று வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறது.

மின்சாரக் கார்களும் கனம். ஒன்றரை டன் பெட்ரோல் கார் இருந்த இடத்தில் 2 டன் மின்சாரக் கார் வந்தால் சேதம் மூன்று மடங்கு. ஆகவே அவர்கள் கட்டட்டும்.

பிப்ரவரி 4, இரவு 11 மணிக்கு மேல்

கடைசிப் பத்தியை அழித்துவிடலாம் என்று பார்த்தேன். வேண்டாம், இருக்கட்டும், என் அசட்டுத்தனத்துக்குச் சாட்சி. முப்பதாயிரத்தில் ஒரு பங்கு, மூன்று மடங்கானால் என்ன ஆகும்? பத்தாயிரத்தில் ஒரு பங்கு. கொசு மூன்று மடங்கு பெருத்தாலும் யானைக்குத் தெரியாது. "மின்சாரக் கார்தான் சாலையை உடைக்கிறது" என்று வாட்ஸ்அப்பில் வருகிற கணக்கு இப்படித்தான் பிறக்கிறது, நானே பெற்றுக் காட்டிவிட்டேன்.

இன்னொரு பக்கமும் உண்டு. மழையும் பனியும் வெயிலும் ஒரு வண்டிகூட ஓடாத சாலையையும் தின்றுகொண்டுதான் இருக்கும். விளக்கு, வடிகால், பாலம், கோடு போடுகிற வேலை, இதற்கெல்லாம் ஆகும் செலவு நாலாம் அடுக்கில் ஏறாது. அதனால் "எல்லாச் செலவும் லாரி தலையில்" என்பதும் சரியில்லை.

பிப்ரவரி 6

"எந்த நாட்டிலும் நடக்காத விஷயம்" என்கிறார் இன்னொரு வாசகர். நியூசிலாந்தில் 1970களின் கடைசியிலிருந்து நடக்கிறது ஐயா. அங்கே டீசலுக்குப் பங்க்கில் சாலை வரி இல்லை. டிராக்டரும் படகும் குடிக்கிற டீசலுக்குச் சாலைக் காசு பிடிப்பது நியாயமில்லை என்று விட்டார்கள். டீசல் வண்டிக்காரர் கிலோமீட்டரை முன்கூட்டியே வாங்குவார். ஆயிரம் கிலோமீட்டர் ஒரு பொட்டலம் என்று வையுங்கள். இத்தனையாவது கிலோமீட்டர் வரை காசு கட்டியாகிவிட்டது என்று அச்சடித்த சீட்டு, கண்ணாடியில். கனரக வண்டிகளுக்குச் சக்கரத்தின் ஹப்பில் திருகி வைக்கும் தனி மீட்டர். எடையும் அச்சு எண்ணிக்கையும் கூடினால் விலையும் கூடும்.

மின்சாரக் கார்களுக்கு 2024 ஏப்ரல் 1 முதல்தான் இது வந்தது. ஆயிரம் கிலோமீட்டருக்கு 76 டாலர்.

இதே டீசல் சிக்கலுக்குப் பிரிட்டனின் வழி வேறு: பண்ணை டீசலில் சிவப்புச் சாயம். அதிகாரி வழியில் நிறுத்தி டேங்க்கில் குழாயை விட்டு உறிஞ்சிப் பார்ப்பார். சிவப்பாக வந்தால் மாட்டினார். தூரத்தை அளப்பதைவிட நிறத்தைப் பார்ப்பது சுலபம்தான். ஆனால் மின்சாரத்துக்குச் சாயம் கலக்க முடியுமா?

பிப்ரவரி 7

மீட்டரை நம்பலாமா என்று கேட்டவருக்கு.

என் இரண்டாவது வண்டி பழைய வண்டியாக வாங்கியது. ஓடோமீட்டரில் 42,000 சொச்சம். புரோக்கர் போனட்டைத் திறந்து காட்டினார், நான் கதவைத் திறந்து பார்த்தேன். கிளட்ச் பெடலின் ரப்பரில் இருந்த கோடுகள் தேய்ந்து, நடுவில் இரும்பு ஒரு நகக்கண் அளவு பளபளத்தது. ஸ்டீயரிங்கின் பத்து மணி இடம் மட்டும் கண்ணாடி மாதிரி வழுவழுப்பு. 42,000 கிலோமீட்டரில் இரும்பு தெரியாது. விலையைக் குறைத்து வாங்கினேன், அவ்வளவு விவரம். பிறகு சர்வீஸ் புத்தகத்தின் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு பக்கங்களைப் பிரித்தபோது, மூன்று வருடம் முன்பே 91,000இல் ஆயில் மாற்றிய முத்திரை.

இன்றைக்கு மீட்டரைத் திருப்புகிறவன் விற்கும்போது ஒரு முறை திருப்புகிறான். கிலோமீட்டருக்குக் காசு என்று வந்துவிட்டால் வருடம் ஒரு முறை திருப்பத் தோன்றும். இதுதான் எனக்கு இருக்கிற பெரிய பயம்.

ஆனால் யோசித்தால் ஒரு வேடிக்கை. வருடா வருடம் மீட்டர் எண் அரசாங்கப் பதிவேட்டில் ஏறினால், பழைய வண்டி வாங்குகிறவருக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. வரிக்காக வைத்த கணக்கு புரோக்கர் பொய்க்கு முட்டுக்கட்டை. அன்றைக்கு அப்படி ஒரு பதிவேடு இருந்திருந்தால் பெடல் ரப்பரை நான் குனிந்து பார்த்திருக்க வேண்டாம்.

(ரிவர்ஸில் ஓட்டினால் குறையுமா என்று கேட்டவருக்கு: சில பழைய இயந்திர மீட்டர்களில் குறையும். வரியை மிச்சம் பிடிக்க ஊர் வரைக்கும் பின்பக்கமாகவே போய்வாருங்கள். கழுத்து வைத்தியச் செலவு உங்களுடையது.)

பிப்ரவரி 9

ஜிபிஎஸ் பயம்: வண்டி எங்கே போகிறது என்று அரசாங்கம் பார்த்துக்கொண்டே இருக்குமே என்று. இந்த விவாத இழையில் பாதிப் பேர் இதைத்தான் எழுதியிருக்கிறீர்கள். 2007இல் பிரிட்டனில் சாலைக் கட்டணத் திட்டத்துக்கு எதிரான இணைய மனுவில் 18 லட்சம் பேர் கையெழுத்துப் போட்டார்கள். பணத்தைப் போலவே வேவு பார்ப்பதும் அங்கே பெரிய பேச்சு. திட்டம் தூங்கிவிட்டது.

கையில் இருக்கும் போன் நிமிடத்துக்கு நிமிடம் இடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறது, காரில் மட்டும் மானம் போய்விடுமா என்று எழுதத்தான் வந்தேன். எழுதி அழித்தேன். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம். வரிக் கருவியை வைத்துவிட்டுப் போக முடியாது. அது வேறு.

ஜிபிஎஸ் எதற்குத் தேவை? எந்தச் சாலை, எந்த நேரம் என்று பார்த்து விலை மாற்ற வேண்டுமானால் தேவை. ஜெர்மனியில் லாரிகளுக்கு 2005 முதல் செயற்கைக்கோள் வழிக் கட்டணம். 2003இலேயே தொடங்கியிருக்க வேண்டியது, கருவி சொதப்பித் தள்ளிப்போனது. வெறும் தூரம் போதும் என்றால் ஓடோமீட்டரே போதும். ஓரிகனில் ஜிபிஎஸ் உள்ள கருவி, இல்லாத கருவி இரண்டும் கொடுத்து, பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் இன்னும் எளிமை: மின்சார வண்டிக்காரர் மீட்டரைப் படம் பிடித்து அனுப்பினால் போதும், கிலோமீட்டருக்கு 2.5 சென்ட், 2021 ஜூலையிலிருந்து.

எளிமைக்கும் விலை உண்டு. வண்டி எங்கே ஓடியது என்று மீட்டருக்குத் தெரியாது. மாநில எல்லைக்கு வெளியே, பக்கத்து மாநிலச் சாலையில் ஓடியதற்கும் விக்டோரியாவுக்கே காசு. கேஸ் போட்டார்கள். 2023 அக்டோபரில் அந்நாட்டு உயர்நிலை நீதிமன்றம், 4-3 என்ற கணக்கில், இந்த மாதிரி வரி போட மாநிலத்துக்கு அதிகாரமே இல்லை, மத்திய அரசுக்குத்தான் உண்டு என்று சொல்லித் தூக்கி எறிந்துவிட்டது. கிலோமீட்டருக்கு வரி போடுவது சரியா என்பது இல்லை, யார் கை பையில் போகலாம் என்பதுதான் வழக்கு.

ஆக, ஒன்று வேவு, இல்லையென்றால் கொஞ்சம் அநியாயம். எனக்கு அநியாயம் பரவாயில்லை. சொந்தத் தோட்டத்துக்குள் ஓடும் நாலு கிலோமீட்டருக்கும் காசு கட்டிவிட்டு, நான் எங்கே போகிறேன் என்பதை நானே வைத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 13

ஒரு வாரமாக நோட்டில் எழுதிப் பார்க்கிறேன். வண்டியை எடுக்கும்போது ஒரு எண், நிறுத்தும்போது ஒரு எண். பக்கத்தில் போனில் வரைபடம் சொல்லும் தூரம். ஏழு நாளில் மீட்டர் 312, போன் 306.

முதலில் போன் மேல்தான் சந்தேகப்பட்டேன். பிறகு டயரைப் பார்த்தேன். புதிதில் பட்டனின் ஆழம் 8 மில்லிமீட்டர் இருக்கும், இப்போது 2. சக்கரத்தின் ஆரம் 300 மில்லிமீட்டரில் 6 போய்விட்டது, அதாவது நூற்றுக்கு இரண்டு. சக்கரம் சிறுத்தால் அதே தூரத்துக்கு அதிகச் சுற்று. மீட்டர் எண்ணுவது சுற்றைத்தான். 306க்கு ஆறு கூடுதல் சரியாக வருகிறது. மொட்டை டயரில் ஓட்டுகிறவன் ஓடாத கிலோமீட்டருக்கும் வரி கட்டுவான். பாதுகாப்புக்காகச் சொன்னால் டயர் மாற்றாதவர்கள் வரிக்காக மாற்றுவார்களோ என்னவோ.

நோட்டு எழுதியதில் இன்னொன்று. 312இல் 58 கிலோமீட்டர், மறந்துபோன எதையோ எடுக்க இரண்டாம் முறை போனது. யாரும் காசு கேட்கவில்லை, எழுதியதற்கே வெட்கமாக இருந்தது. பங்க்கில் டேங்கை நிரப்பும்போது இந்த வெட்கம் வந்ததே இல்லை.

பிப்ரவரி 14

முதல் நாள் எழுதியதை வைத்தே இன்று என்னை நானே மடக்குகிறேன்.

பெட்ரோல் வரி இரண்டு வேலை பார்க்கிறது. ஒன்று சாலைக் காசு. இன்னொன்று புகைக்கு அபராதம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கரியமில வாயு, டீசல் என்றால் 2.7. லிட்டருக்கு வரி போட்டால் அது தானாகவே புகைக்கு வரி. அதை முழுதாகப் பிடுங்கிவிட்டுக் கிலோமீட்டர் வரி வைத்தால், லிட்டருக்கு 8 கொடுக்கிற பூதமும் 25 கொடுக்கிற சிக்கன வண்டியும் ஒரே காசு. 3ஆம் தேதி நான் மைலேஜ் வண்டி வாங்கி வரி மிச்சம் பிடித்ததைக் குறையாகச் சொன்னேன். ஆனால் அந்த மிச்சத்துக்காகத்தானே வாங்கினேன்!

நியூசிலாந்தில் இந்த முரண் பச்சையாகத் தெரிந்தது. நூறு கிலோமீட்டருக்கு 4 லிட்டர் குடிக்கும் ஹைபிரிட் கார் பங்க்கில் கட்டுகிற வரி, மின்சாரக் கார் கட்டும் 76 டாலரில் பாதிக்கும் குறைவு. புகை விடுகிறவனுக்குச் சலுகை, விடாதவனுக்கு முழுக் கட்டணம். எல்லா வண்டியையும் ஒரே கூரைக்குள் கொண்டுவராமல் பாதியில் நிறுத்தினால் இதுதான் நடக்கும். கேள்வி கேட்டவர் சொன்ன "மின்சார வண்டிக்கு மட்டும்" என்பதன் குறை இது.

பிரிட்டன் 2028 ஏப்ரலிலிருந்து மின்சாரக் காருக்கு மைலுக்கு 3 பென்ஸ் என்று அறிவித்திருக்கிறது, பெட்ரோல் வண்டிக்குப் பழைய வரியே. அங்கேயும் இதே பாதிக் கூரைதான்.

பிப்ரவரி 17

லாரி வைத்திருக்கும் அன்பர் நீளமாகத் திட்டியிருக்கிறார், தனி மடலில் வேறு. "லோடோடு போகிறோம், ரிட்டர்ன் லோடு கிடைக்காமல் காலியாகத் திரும்புகிறோம். காலி வண்டிக்கும் லோடு வண்டிக்கும் ஒரே கிலோமீட்டர் காசா?"

சுவிட்சர்லாந்தில் அப்படித்தான். 2001 முதல் மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளுக்குத் தூரம், எடை, புகைத் தரம் மூன்றையும் பெருக்கிக் கட்டணம். எடை என்பது அன்றைக்கு ஏற்றிய லோடு இல்லை, வண்டிக்கு அனுமதித்த உச்ச எடை. காலியாகப் போனாலும் அதே காசு. அநியாயம் மாதிரி இருக்கிறது, ஆனால் காலியாக ஓடுவது கையைக் கடிக்கும், ரிட்டர்ன் லோடு பிடிக்க வைக்கும் என்பதுதான் அதன் சூட்சுமம். அதே சமயம் 28 டன்னாக இருந்த எடை வரம்பையும் படிப்படியாக 40 டன்னுக்கு உயர்த்தினார்கள். 1998இல் மக்கள் ஓட்டுப் போட்டு ஒப்புக்கொண்ட சட்டம் அது. ஒரு கையால் வாங்கி மறு கையால் கொடுத்தார்கள்.

சொந்தமாக ஒரே ஒரு வண்டி வைத்திருப்பவருக்கு ரிட்டர்ன் லோடு பிடிக்கும் வலு கிடையாது என்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பெரிய கம்பெனி பிழைக்கும், ஒற்றை வண்டிக்காரர் அடிபடுவார்.

பிப்ரவரி 18

வசூல். எல்லோரும் விலையைப் பேசுகிறோம், வசூலை யாரும் பேசவில்லை.

எரிபொருள் வரியின் அழகே அது எங்கே பிடிக்கப்படுகிறது என்பதில் இருக்கிறது. சுத்திகரிப்பு ஆலையிலோ சேமிப்புக் கிடங்கிலோ, சில பேரிடம். நாட்டில் கோடி வண்டி ஓடினாலும் வரிக்காரர் தட்ட வேண்டிய கதவு கொஞ்சம்தான். நாம் பங்க்கில் கொடுப்பது சில்லறை சில்லறையாக, வலி தெரியாமல். கிலோமீட்டர் வரி வந்தால் கோடி வண்டிக்காரரும் வரி செலுத்துவோர். கோடி பில், கோடி பாக்கி, லட்சக்கணக்கில் தகராறு. ஒரே அளவு காசை வசூலிக்க ஆகும் செலவு எத்தனையோ மடங்கு கூடும். கேள்வி கேட்டவர் "புது ஆபீஸ்" என்றதை நான் முதல் நாள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் சொன்னது நியாயம்.

அதோடு மொத்தமாகக் கட்டும் வலி. வருடக் கடைசியில் ஒரே பில்லாக வந்தால் மாதச் சம்பளக்காரர் முழி பிதுங்கும். ஐஸ்லாந்தில் 2024இல் மின்சார வண்டிக்குக் கிலோமீட்டருக்கு 6 குரோனா என்று தொடங்கியபோது, ஓட்டுகிற தூரத்தை மதிப்பிட்டு மாதா மாதம் பில் போட்டார்கள். மீட்டர் எண்ணை உரியவரே இணையத்தில் பதிவார், வித்தியாசம் இருந்தால் பிறகு சரிக்கட்டுவார்கள். எல்லா வண்டிக்கும் விரிக்கும் எண்ணத்தோடுதான் அதைத் தொடங்கினார்கள். இதுவரை பார்த்ததில் மனிதத்தன்மை உள்ள ஏற்பாடு இதுதான்.

பிப்ரவரி 18, கொஞ்ச நேரம் கழித்து

நெரிசல் கட்டணம் வேறு விஷயம், அதை இதில் குழைக்காதீர்கள். சிங்கப்பூர் 1975இலேயே நகர மையத்துக்குள் நுழையக் காசு வாங்கியது, லண்டன் 2003இல். அது இடத்துக்கும் நேரத்துக்கும் விலை. நாம் பேசுவது தேய்மானத்துக்கு. வேண்டுமானால் தனி இழை தொடங்குங்கள், வந்து சண்டை போடுகிறேன்.

பிப்ரவரி 21

"பஸ் வராத கிராமத்தான் எத்தனை தூரம் ஓட்ட வேண்டியிருக்கிறது, அவன் தலையில் கிலோமீட்டர் வரியா?"

இப்போதும் அவர் தலையில்தான். அதே நீளத் தூரத்துக்கு லிட்டர் லிட்டராக வரி கட்டுகிறார். அவர் வைத்திருப்பது பத்துப் பதினைந்து வருட வண்டி என்றால், புது வண்டிக்காரரைவிடக் கிலோமீட்டருக்கு அதிகமாகவே கட்டுகிறார். எரிபொருள் வரி போய்க் கிலோமீட்டர் வரி வந்தால் அவருக்குக் குறையும். எரிபொருள் வரியும் இருந்து கிலோமீட்டர் வரியும் வந்தால் செத்தார். சண்டை முழுக்க அந்த "போய்" என்ற சொல்லில் இருக்கிறது. புது வரி வரும் நாள் எல்லாச் சட்டத்திலும் எழுதியிருக்கும், பழைய வரி போகும் நாள் எங்கே எழுதியிருக்கிறது என்று தேடுங்கள்.

பிப்ரவரி 22

கேள்வி கேட்டவர் "கடைசியில் நீ எந்தப் பக்கம்?" என்கிறார். தொடங்கியபோது இருந்த பக்கத்தில் இல்லை. லாரிக்குத் தூரமும் எடையும் சேர்ந்த கட்டணம், இன்றைக்கே. காருக்கு மீட்டர் எண்ணை வைத்து மாத பில், ஜிபிஎஸ் வேண்டாம். பெட்ரோல் வரியை முழுதாக எடுக்காமல் புகைக்கான பங்கை மட்டும் மிச்சம் வையுங்கள். கேட்டால் இரண்டு வரி மாதிரி இருக்கும், முன்பும் ஒரே பெயரில் இரண்டு வரிதான். ஒற்றை லாரிக்காரர் விஷயம் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

பிப்ரவரி 27

டயர் மாற்றினேன். நாலும். வேலை செய்த பையன் கழற்றிய டயரைச் சுவரில் சாய்த்துவிட்டு, "இதில் எப்படிண்ணே மழையில் ஓட்டினீங்க?" என்றான். மீட்டருக்கும் போனுக்கும் இந்த ஐந்து நாளில் வித்தியாசம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. மறந்ததை எடுக்கப் போனது 17.